பழவேற்காட்டுச் சேற்றில் மார்ஃபைசா: புழுவை எடுப்பதிலிருந்து பெயர் எழுதுவது வரை

பழவேற்காடு ஏரியில் தமிழ்நாட்டுக் கரையானாலும் சரி, தடா பக்கத்து ஆந்திரக் கரையானாலும் சரி, சேற்றுக்குள் கையை விட்டால் சிவப்பாக, நீளமாக, வழுக்கிக்கொண்டு ஒரு புழு வரும். இறால் ஹேச்சரிகளில் தாய் இறாலுக்குத் தீனியாகப் போகிற புழு அது. விலங்கியல் படித்தவர்களிடம் காட்டினால் பெரும்பாலும் யோசிக்காமல் ‘மார்ஃபைசா சாங்குவினியா’ என்பார்கள். அந்த இனம் 1813-ல் இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து விவரிக்கப்பட்டது. அந்தக் குளிர்நீர்ப் புழு, மழைக்காலத்தில் ஆற்றுநீர் கலந்து சப்பென்று ஆகி, கோடையில் கடலைவிட உப்பேறிப்போகும் நம் ஏரியில் என்ன செய்கிறது என்று கேட்பவர் குறைவு.

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை பக்கத்துக் கல்லூரிகளில் படிக்கிற, இந்தப் புழுவை ஒரு புராஜெக்டுக்காகவாவது கையில் எடுக்கப்போகிற மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். உறுப்புகளுக்கு இங்கே வரும் தமிழ்ப் பெயர்களில் பல, புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உடலோரம் நீட்டிக்கொண்டிருக்கும் முள்மயிரைச் ‘சுணை’ என்றும், அது முளைத்திருக்கும் பக்கவாட்டுக் காலைப் ‘பக்கக்கால்’ என்றும், சுணை உள்ள ஒவ்வொரு கணுவையும் ‘சுணைக்கணு’ என்றும் சொல்லப்போகிறேன்.

பெயர் வந்த வழி

மார்ஃபைசா என்ற பேரினத்தை 1865-ல் அமைத்தவர் பிரெஞ்சு இயற்கையியலாளர் கத்ரஃபாஜ். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே ஜார்ஜ் மான்டகு ‘நெரிஸ் சாங்குவினியா’ என்று விவரித்திருந்த புழுதான் இந்தப் பேரினத்தின் மாதிரி இனம், அதாவது பேரினத்துக்கே அளவுகோலான இனம். குடும்பம் யூனிசிடே, வரிசை யூனிசிடா, பெருந்தொகுதி வளைதசைப் புழுக்கள். இன்று 70-க்கும் மேற்பட்ட இனங்கள் இதில் இருக்கின்றன.

சிக்கல் எங்கே தொடங்கியது என்றால், மான்டகுவின் விவரிப்பு மிகச் சுருக்கம். சிவப்புச் செவுளும் ஐந்து உணர்கொம்பும் உள்ள எந்தப் புழுவும் அதற்குள் அடங்கிவிடும். அதனால் நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாக ஜப்பானிலிருந்து ஆப்பிரிக்கா வரை கிடைத்ததெல்லாம் சாங்குவினியா ஆனது. 2003-ல் ஆய்வாளர்கள் ஹட்சிங்ஸும் கரகியோர்கோபூலோஸும் இங்கிலாந்தில் கிடைத்த ஒரு புழுவைப் புதிய ஆதார மாதிரியாக நிறுத்தி, ‘இதுதான் சாங்குவினியா’ என்று வரையறுத்தார்கள். அப்புறம்தான் கதவு திறந்தது. பிரான்சின் ஆர்காஷோன் விரிகுடாவில் அதுவரை சாங்குவினியா என்று தூண்டில் இரைக்கு விற்றுக்கொண்டிருந்த புழு 2017-ல் ‘மார்ஃபைசா விக்டோரி’ என்ற தனி இனமானது.

நம் பக்கத்துக் கதை ஒடிசாவின் சிலிக்கா ஏரியில் தொடங்குகிறது. 1921-ல் சதர்ன், சிலிக்கா ஏரியின் பாலிகீட்டுகளை, அதாவது உடலோரம் சுணைகள் கொண்ட இத்தகைய புழுக்களைப் பற்றி எழுதிய நெடுங்கட்டுரையில் ‘மார்ஃபைசா கிரேவ்லியை’ என்ற இனத்தை விவரித்தார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த கிரேவ்லியின் பெயர் அது. 1931-ல் ஆர். கோபால ஐயர், உவர்நீரில் வாழும் மார்ஃபைசா ஒன்றின் இனப்பெருக்கத்தையும் வளர்ச்சியையும் லண்டன் லின்னேயன் சங்க இதழில் எழுதினார். முட்டைகளைக் கூழ்க்கட்டிக்குள் இடுகிற புழு அது. 2020-ல் ஹட்சிங்ஸ் உள்ளிட்ட குழு, சென்னை வட்டாரக் கழிமுகப் புழுவை ‘மார்ஃபைசா மத்ராசி’ என்று புது இனமாக விவரித்தது. இந்தப் பகுதியில் அதுவரை பதிவான பெயர்களையும் அதே கட்டுரையில் ஒவ்வொன்றாக எடுத்து அலசினார்கள்.

அதனால் பழவேற்காட்டில் ஒரு மார்ஃபைசா கிடைத்தால் முதலில் ஒப்பிட வேண்டியவை கிரேவ்லியையும் மத்ராசியும். சாங்குவினியா பட்டியலில் கடைசியில் வரட்டும்.

எங்கே, எப்போது போவது

ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு முனை திருவள்ளூர் மாவட்டத்தில். இரண்டு பக்கமும் பறவைகள் சரணாலயம் என்பதால், படிப்புக்காக ஒரே ஒரு புழுவை எடுப்பதானாலும் அந்தந்த மாநில வனத்துறையிடம் கல்லூரி மூலம் எழுத்து அனுமதி வாங்கிவிடுங்கள். எல்லைக் கோடு தண்ணீருக்குள் ஓடுகிற இடம் இது. படகில் இருக்கும்போது எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்றே தெரியாது. ஆகவே போன் ஜிபிஎஸ் எண்ணைக் குறித்துக்கொள்வது அறிவியலுக்கு மட்டுமல்ல, உங்கள் பாதுகாப்புக்கும் நல்லது.

முகத்துவாரம் திறந்திருக்கும் மாதங்களில் வற்றமும் ஏற்றமும் தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரம் நல்லது. முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைபட்டுவிட்டால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. நீர்மட்டத்தைக் கண்ணால் பார்த்துத்தான் போக வேண்டும். வடகிழக்குப் பருவமழையின்போது ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் நன்னீரால் உப்பு சட்டென்று இறங்கும். அந்தச் சமயத்தில் எடுத்த புழுவுக்கும் மே மாதத்தில் எடுத்ததற்கும் உப்பளவைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள். பாக்கெட்டில் அடங்குகிற ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று போதும்.

மணலும் சேறும் கலந்த, சிப்பி ஓடுகள் புதைந்த கரைதான் மார்ஃபைசாவுக்குப் பிடித்த இடம். வெறும் மணலில் நேரத்தை வீணாக்க வேண்டாம். சேற்றின் மேல்பரப்பில் ஓட்டுத்துண்டும் குப்பையும் ஒட்டிய குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் டையோபாட்ரா, வேறு குடும்பம். மார்ஃபைசா அப்படி அலங்காரக் குழாய் கட்டுவதில்லை. சளி பூசிய வளைகளுக்குள் இருக்கும். மேலே சின்னத் துளை மட்டும் தெரியும்.

எடுப்பது

இந்த வேலையில் இருளர் சமூகத்தினருக்கு இருக்கிற கைத்திறன் புத்தகத்தில் கிடைக்காது. ஏரியில் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள் அவர்கள். ஹேச்சரிக்காகப் புழு எடுக்கிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். கூட வரச் சொல்லிக் கேளுங்கள், அன்றைய கூலியைக் கொடுங்கள். புழு அறுந்து அறுந்து வருகிறதே என்று நான் புலம்பியபோது ஓர் அக்கா சொன்னது: “இழுக்காதீங்க சார். சேத்தோட அள்ளித் தண்ணியில கரைங்க, அதுவா வந்துடும்.” அதுதான் சரியான முறை. வளையைச் சுற்றி மண்வெட்டியால் வெட்டி, கட்டியை உடையாமல் தட்டில் எடுத்து, அந்த இடத்துத் தண்ணீரையே ஊற்றி மெல்லக் கரைக்க வேண்டும். சின்னப் புழுக்களும் வேண்டுமென்றால் 0.5 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் அலசுங்கள்.

அவசரப்பட்டால் உங்கள் கையில் பாதிப் புழுதான் மிஞ்சும். மார்ஃபைசா ஆபத்து வந்தால் பின்பகுதியைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விடும். போன வால் பிற்பாடு முளைக்கும். அப்படி முளைத்த பகுதியில் கணுக்கள் குறுகலாகவும் நிறம் வெளிறியும் இருக்கும். பதிவேட்டில் ‘வால் புதிதாக முளைத்தது’ என்று குறிக்கத் தவறினால் மொத்தக் கணு எண்ணிக்கை பொய்யாகிவிடும். முழுப் புழு ஒரு சாணைத் தாண்டும். 300-க்கும் மேற்பட்ட கணுக்கள் இருக்கலாம்.

உயிரோடு இருக்கும்போதே ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். நிறம் ஃபார்மலினில் போய்விடும். வெயிலில் பார்த்தால் முதுகில் பச்சையும் நீலமுமாக ஒரு பளபளப்பு ஓடும். அது சாயம் அல்ல, மேல்தோலின் நார்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. சிவப்பு மட்டும் இரத்தத்தினுடையது. இந்தப் புழுக்களின் இரத்த நிறமி, அணுக்களுக்குள் இல்லாமல் நீர்மத்திலேயே கரைந்திருக்கும் ஒருவகை ஹீமோகுளோபின். ஆக்சிஜன் குறைந்த கருஞ்சேற்றில் காலம் தள்ள அது வேண்டும்.

மயக்கிப் பதப்படுத்துதல்

உயிரோடு நேரே ஃபார்மலினில் போட்டால் புழு சுருண்டு முறுக்கிக்கொள்ளும், செவுள் ஒட்டிக்கொள்ளும், தலை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் அதை வைத்து ஒன்றும் பார்க்க முடியாது. முதலில் மயக்க வேண்டும். ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 73 கிராம் மெக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் கரைத்தால் அது கடல்நீருக்குச் சமமான அடர்த்தி. அதையும் புழு இருக்கும் நீரையும் பாதிக்குப் பாதி கலந்து, அரை மணி நேரம் விடுங்கள். ஏரி நீரின் உப்பு குறைவாக இருந்தால் கரைசலையும் அதற்கேற்ப நீர்க்கச் செய்யுங்கள். ஊசியால் தொட்டால் அசையாத நிலை வந்ததும், தட்டில் நேராக நீட்டிவிடுங்கள்.

இப்போது, ஃபார்மலின் பாட்டிலைத் திறப்பதற்கு முன், டிஎன்ஏ-வுக்கான துண்டை எடுத்துவிடுங்கள். நடு உடலில் ஒரு பக்கத்துப் பக்கக்கால்கள் சிலவற்றை வெட்டி 95 சதவீத எத்தனாலில் போட்டு, குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் போதும். ஃபார்மலின் பட்ட திசுவிலிருந்து டிஎன்ஏ எடுப்பது பெரும்பாடு. தலையையும் முன்பகுதியையும் இதற்காகத் தொடாதீர்கள்.

மீதிப் புழுவுக்கு, கடையில் வாங்கும் ஃபார்மலின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு கடல்நீர். அதில் கொஞ்சம் போராக்ஸ் சேர்த்து அமிலத்தன்மையைக் குறைத்துவிடுங்கள். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். மார்ஃபைசாவின் கீழ்த்தாடையில் சுண்ணாம்பு இருக்கிறது. அமிலம் ஏறிய ஃபார்மலினில் மாதக்கணக்கில் கிடந்தால் அது கரைந்து, வெட்டிப் பார்க்கும்போது மொண்ணையாக இருக்கும். இரண்டு நாள் கழித்து நன்னீரில் அலசி 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றிவிடுங்கள். எத்தனால் கடையில் கிடைக்காது, கல்லூரி ஆய்வகத்தின் உரிமத்தில்தான் வாங்க முடியும். ஃபார்மலின் வேலையைக் கையுறையோடு, ஜன்னல் திறந்த அறையில் செய்யுங்கள்.

பென்சிலில் எழுதிய லேபிள் பாட்டிலுக்கு உள்ளே போக வேண்டும். வெளியே ஒட்டியது ஒரு மழைக்காலம் தாங்காது.

முதல் கேள்வி: இது மார்ஃபைசாதானா?

தலையை மட்டும் பார்த்துப் பதில் சொல்லிவிடலாம். ஸ்டீரியோ நுண்ணோக்கியில் புழுவின் முதுகு மேலே இருக்கும்படி வையுங்கள். தலையின் நுனியில் இருப்பது முன்தலை. மார்ஃபைசாவில் அது நடுவில் பிளந்து இரண்டு மடலாக இருக்கும். அதன் பின்விளிம்பில் ஐந்து விரல்கள் வரிசையாக நிற்கும். நடுவில் மூன்று உணர்கொம்புகள், இரு ஓரங்களிலும் ஒவ்வோர் உணர்விரல். பார்ப்பதற்கு ஐந்தும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஓரத்திலுள்ள இரண்டும் வேறு உறுப்பு என்பது இன்றைய கணிப்பு. பழைய புத்தகங்கள் ஐந்தையும் உணர்கொம்பு என்றே எழுதியிருக்கும். குழம்ப வேண்டாம். ஓர விரல்களின் அடியில் ஒரு ஜோடிக் கண்கள்.

முன்தலைக்குப் பின்னால் சுணையே இல்லாத இரண்டு வளையங்கள், முன்னது நீளம், பின்னது குறுகல். இந்த இரண்டாவது வளையத்தின் முதுகில் ஒரு ஜோடி மெல்லிய இழைகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால் அது அதே குடும்பத்து யூனிசே பேரினமாகவோ அதன் நெருங்கிய உறவாகவோ இருக்கும். இல்லையென்றால் மார்ஃபைசா பக்கம் வந்துவிட்டீர்கள். இழை உதிர்ந்து போயிருக்கவும் கூடும், அதனால் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சி, இழை இருந்ததற்கான தழும்பு தெரிகிறதா என்றும் பாருங்கள்.

ஐந்துக்குப் பதில் மூன்றே கொம்புகள் என்றால் லைசிடைஸ். கொம்புகளின் அடிப்பாகம் வளைய வளையமாக இருந்தால் டையோபாட்ராவின் குடும்பம். கொம்பே இல்லாமல் தலை கூம்பாக வழுவழுவென்று இருந்தால் லும்ப்ரினெரிடே. நான்கு கண், இரண்டு சிறு கொம்பு, இரண்டு தடித்த உணர்விரல், கழுத்தோரம் நான்கு ஜோடி இழை என்றால் நெரீடிடே. ஏரியில் நெரீடிடே புழுக்களும் நிறைய, மாணவர்கள் அதிகம் தடுமாறுவதும் அங்கேதான்.

கடைசியாக ஒரு சோதனை. செவுள்கள் முன்னுடலில் ஒரு குறுகிய பகுதியில் மட்டும் இருந்து நின்றுவிட்டால், அது பழைய கணக்கில் மார்ஃபைசாவின் ‘பெல்லி’ கூட்டம். 2018-ல் மொலினா-அசெவெடோ அவற்றைப் பிரித்து ‘பாசிபிரான்கியா’ என்ற தனிப் பேரினமாக்கினார்.

எண்ணத் தொடங்குமுன்

சுணை இல்லாத இரண்டு வளையங்களையும் எண்ணாதீர்கள். முதல் சுணைக்கணுதான் 1. இதில் ஒருவர் இரண்டு கூட்டியும் இன்னொருவர் கூட்டாமலும் எண்ணி எழுதியதால் பழைய கட்டுரைகளில் எத்தனை குழப்பம்! பத்தாவது கணுவிலும், அதன் பிறகு ஒவ்வொரு பத்திலும் மெல்லிய பூச்சி ஊசியைப் பக்கத்தில் மெழுகில் குத்திக்கொண்டே போனால் எண்ணிக்கை தவறாது.

அளவெடுப்பதற்கும் ஒரு வழக்கம் உண்டு. முழு நீளம் நம்பத்தகுந்தது அல்ல, புழு நீளும், சுருங்கும், அறுந்தும் போகும். ஆகவே முன்தலை நுனியிலிருந்து பத்தாவது சுணைக்கணு வரையிலான நீளமும், அந்தப் பத்தாவது கணுவில் பக்கக்கால் நீங்கலான அகலமும் எடுப்பார்கள். உங்கள் புழுவை இன்னொருவர் புழுவோடு ஒப்பிட உதவுவது இந்த இரண்டும்தான்.

பிறகு மூன்று இடங்களைக் குறியுங்கள். செவுள் எந்தக் கணுவில் தொடங்குகிறது, எந்தக் கணுவில் முடிகிறது, கொக்கி (பின்னுடலில் வரும் தடித்த முள், கீழே சொல்கிறேன்) எந்தக் கணுவில் தொடங்குகிறது. இவை வயதோடு மாறும். குட்டிப் புழுவில் செவுள் தொடங்கும் இடமும் இழை எண்ணிக்கையும் பெரிய புழுவில் இருப்பதுபோல இருக்காது. ஒரே ஒரு புழுவை எண்ணி ‘இந்த இனத்துக்கு இவ்வளவு’ என்று எழுதுவது ஆபத்து. சின்னது, நடுத்தரம், பெரியது என்று கலந்து எண்ணி, அகலத்தோடு சேர்த்து அட்டவணை போடுங்கள்.

பக்கக்காலும் சுணையும்

பெரும்பாலான அடையாளம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது, பொறுமை சோதிக்கப்படுவதும் இங்கேதான். குறைந்தது நான்கு இடங்களிலிருந்து பக்கக்கால் எடுங்கள்: மூன்றாவது கணு, செவுள் தொடங்கிய கணு, நடு உடல், வாலருகே. எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வெட்டினால் மறுபக்கம் அருங்காட்சியகத்துக்கு முழுசாக மிஞ்சும். கிளிசரின் ஒரு சொட்டில் வைத்து, கவர்ஸ்லிப்பால் மூடி, சாதாரண நுண்ணோக்கியில் 100 மடங்கில் தொடங்கி 400-க்குப் போகலாம்.

மேலே ஓர் இழை, முதுகிழை. செவுள் இருக்கும் கணுக்களில் அதன் அடியிலிருந்துதான் செவுள் கிளைக்கும். ஒரு தண்டிலிருந்து ஒரே பக்கமாக இழைகள் எழும்பியிருக்கும். முதல் சில கணுக்களில் ஒற்றை இழையாகத் தொடங்கி, நடுவில் அதிகமாகி, பின்னால் மறுபடி குறையும். அதிகபட்சம் எத்தனை இழை என்று எழுதுங்கள். கீழே வயிற்றிழை, அதன் அடிப்பாகம் பல கணுக்களில் உப்பியிருக்கும். அது எந்தக் கணுவில் உப்பத் தொடங்குகிறது என்பதையும் குறியுங்கள். நடுவில் தடித்த மடல், அதற்குள் தாங்குதடியாக உள்முட்கள். உள்முட்களின் நிறம் கறுப்பா, பழுப்பா, தேன் நிறமா, நுனி மட்டும் வெளிறியதா என்பதெல்லாம் இனத்துக்கு இனம் மாறும்.

உள்முள்ளுக்கு மேலே ஒரு கட்டு சுணை, கீழே ஒரு கட்டு. மேல்கட்டில் நீண்டு மெலிந்த, ஓரம் விரிந்த விளிம்புச் சுணைகளும், அவற்றின் அடியில் சீப்புச் சுணைகளும் இருக்கும். கீழ்கட்டில் மூட்டுச் சுணைகள், அதாவது தண்டின் முனையில் தனியாக ஓர் அலகு பொருத்தப்பட்டவை. அலகு ஊசிபோல நீண்டு முடிந்தால் ஊசிநுனி வகை, குட்டையாகக் கொக்கிபோல வளைந்து முடிந்தால் அரிவாள்நுனி வகை. ஃபாச்சால்ட் 1970-ல் இந்தப் பேரினத்தைக் கூட்டங்களாகப் பிரித்ததற்கு மூட்டுச் சுணைதான் அடிப்படை. மூட்டுச் சுணையே இல்லாத ‘மொசாம்பிகா’ கூட்டம், ஊசிநுனி உள்ள ‘சாங்குவினியா’ கூட்டம் என்று அது போகும். இவை உறவுமுறையைக் காட்டும் பிரிவுகள் அல்ல, வேலையைச் சுலபமாக்கும் பிரிவுகள். ஆனாலும் தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல கைப்பிடி கிடையாது.

மூட்டுச் சுணையின் அலகு எளிதில் உடையும். உடைந்ததைப் பார்த்து ‘இல்லை’ என்று எழுதிவிட்டால் புழு வேறு கூட்டத்துக்குப் போய்விடும். தண்டின் நுனியைப் பாருங்கள். இரண்டாகப் பிளந்த குழிவு இருந்தால் அங்கே ஓர் அலகு இருந்திருக்கிறது. பத்துப் பதினைந்து கணுக்களில் தேடிய பிறகே ‘இல்லை’ என்ற சொல்லை எழுதுங்கள்.

சீப்புச் சுணைக்குத் தனிக் கவனம் வேண்டும். பக்கவாட்டில் கிடந்தால் அது வெறும் ஊசியாகத் தெரியும், பற்கள் கண்ணில் படாது. கவர்ஸ்லிப்பின் ஒரு மூலையை ஊசியால் மெல்ல அழுத்தி நகர்த்தினால் சுணை புரளும், சட்டென்று பல்வரிசை தெரியும். நான் பார்த்த புழுக்களில் முன்னுடலில் குறுகிய தகட்டில் நெருக்கமான நுண்பற்களும், வாலருகே அகன்ற தகட்டில் தடித்த, எண்ணக்கூடிய பற்களும் இருந்தன. ஒரே புழுவில் இப்படிப் பல வகை இருப்பது சகஜம். எந்த வகை, எந்தப் பகுதியில், எத்தனை பல், ஓரப் பல் மற்றதைவிட நீளமா என்று நான்கையும் குறிக்க வேண்டும். புது இனங்களைப் பிரிப்பதில் இன்று இந்தச் சீப்புகளுக்கு ஏகப்பட்ட மதிப்பு. வசதி இருந்தால் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அனுப்பலாம். இல்லாவிட்டாலும் நல்ல ஒளியும் பொறுமையும் முக்கால்வாசியைக் காட்டிவிடும்.

கொக்கி, கீழ்கட்டுக்கு அருகே கணுவுக்கு ஒன்றாக இருக்கும் தடித்த முள். முன்னுடலில் இருக்காது, பின்னால்தான் தொடங்கும். நுனியில் ஒரு பல்லா இரண்டா, நிறம் என்ன, இடையில் சில கணுக்களில் விட்டுப்போகிறதா என்று பாருங்கள். பல் தேய்ந்தும் போகும், அதனால் புதிதாக முளைத்து வரும் கொக்கியைப் பார்ப்பது உத்தமம். கொக்கியும் சீப்பும் சுத்தமாக இல்லையென்றால் அதே குடும்பத்துப் பலோலா பேரினமா என்று சந்தேகப்படுங்கள்.

வால்முனையில் இரண்டு ஜோடி இழைகள், மேல்ஜோடி நீளம், கீழ்ஜோடி குட்டை. இதில் பெரிதாக நேரம் செலவழிக்க வேண்டாம்.

தாடை

முன்தலை பின்விளிம்பின் நடுவிலிருந்து முதுகின் நடுக்கோட்டில் நுண்கத்தரியால் பின்னோக்கி மெல்லக் கீறுங்கள். ஆழமாகப் போக வேண்டாம். தசைப்பை ஒன்று வரும். அதையும் பிரித்தால் கறுப்பாக, பளபளப்பாக மேல்த்தாடைத் தொகுதி தெரியும். கடித்தால் வலிக்கும் என்று எடுப்பவர்கள் சொல்வது இதைத்தான்.

பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். முதலில் ஒரு ஜோடித் தாங்கிகள். அவற்றில் பொருந்தியிருப்பது முதல் ஜோடி, பல் இல்லாமல் கிடுக்கிபோல வளைந்தது. அதற்கு மேல் இரண்டாவது ஜோடி, அகன்று பற்களோடு இருக்கும். மூன்றாவது தாடை ஒற்றை, அது இடப்பக்கம் மட்டும். நான்காவதும் ஐந்தாவதும் மறுபடி ஜோடி. அடியில், வயிற்றுப் பக்கமாக, கீழ்த்தாடைத் தகடுகள் இரண்டு, வெட்டும் விளிம்பில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும்.

பற்களை இடம் கூட்டல் வலம் என்று எழுதுவது மரபு. மூன்றாவதில் வலம் எப்போதும் பூஜ்யம். உங்கள் வரைபடத்தில் ஒற்றைத் தாடை வலப்பக்கம் வந்துவிட்டால் புழு விசித்திரமானது என்று பொருளல்ல, வயிற்றுப் பக்கமாகப் பார்த்து வரைந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். நான் வரைபடங்களைத் திருத்தும்போது முதலில் தேடுவதும் இந்த ஒற்றைத் தாடையைத்தான்.

யூனிசிடா வரிசைப் புழுக்களின் தாடைகள் உடல் அழுகிய பின்னும் மண்ணில் தங்கும். ஆர்டோவிசியன் காலப் பாறைகளிலிருந்து, 45 கோடி ஆண்டு பழைய புதைபடிவங்களாக அவை ஏராளமாகக் கிடைக்கின்றன. புழுவின் மென்மையான உடல் கல்லாவது அரிது. பாறையில் கிடைப்பதெல்லாம் இந்தச் சிறு கறுப்புப் பற்கள்தான்.

பெயர் எழுதுவது

எல்லாக் குறிப்பும் கையில் இருக்கிறது. இப்போது கிரேவ்லியைக்கான 1921 விவரிப்பையும், மத்ராசிக்கான 2020 விவரிப்பையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். ஃபோவெல் 1953-ல் எழுதிய இந்திய பாலிகீட் கையேடு இன்னும் நம் கல்லூரிகளில் புழக்கத்தில் இருக்கிறது. பேரினம் வரை வர அது நல்ல துணை. இனப் பெயருக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். அதற்குப் பிறகு பிரிந்த இனங்கள் அதில் எப்படி இருக்கும்?

டிஎன்ஏ வரிசை வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கவும் வேண்டாம். பொதுத் தரவுத்தளத்தில் ‘சாங்குவினியா’ என்ற பெயரில் கிடக்கும் வரிசைகள் பல, சாங்குவினியாவே இல்லாத புழுக்களுடையவை. உங்கள் வரிசை அதோடு ஒத்துப்போனால், இரண்டு பேரும் ஒரே புழுவை எடுத்திருக்கிறீர்கள் என்பது மட்டும்தான் உறுதி. அந்த வரிசை எந்த ஊர்ப் புழுவிலிருந்து வந்தது, உடல் எங்காவது பாதுகாக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே ஒரு விஷயம் ஒத்துப்போகவில்லையென்றாலும் முழுப்பெயரை எழுதாதீர்கள். ‘மார்ஃபைசா, மத்ராசிக்கு நெருங்கியது’ என்று எழுதி, எது ஒத்துப்போகவில்லை என்பதையும் கீழே எழுதுங்கள். தேர்வாளர் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை. தவறான முழுப்பெயரைவிட இது அடுத்தவருக்கு உதவும்.

இது வெறும் ஏட்டுச் சண்டையும் அல்ல. பாலிகீட் புழுக்கள் இறாலின் வெள்ளைப்புள்ளி வைரஸைக் கடத்தக்கூடும் என்று 2005-ல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு, சேற்றில் பிடித்த புழுவைவிடத் தொட்டியில் வளர்த்த புழுவுக்கு ஹேச்சரிகளில் மதிப்பு கூடியது. வளர்க்க வேண்டுமென்றால் அது எந்த உப்பில் முட்டையிடும், எப்போது இடும் என்று தெரிய வேண்டும். ஆர்காஷோன் புழுவைப் பற்றிய குறிப்பை நம் புழுவுக்குப் பொருத்தி உப்பைக் கூட்டிக் குறைத்தால் நஷ்டம் வளர்ப்பவருக்குத்தான்.

வேலை முடிந்ததும் புழுவைக் கல்லூரி அலமாரியில் விட்டுவிடாதீர்கள். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மையம் சென்னையிலேயே இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டு, முழுப் புழு ஒன்று, தாடை பிரித்தது ஒன்று, டிஎன்ஏ துண்டு எடுத்த அதே புழு என்று கொடுத்து, பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். லேபிளில் ஊர்ப் பெயரோடு மாநிலத்தையும் ஜிபிஎஸ் எண்ணையும் தேதியையும் ஆழத்தையும் உப்பளவையும் எடுத்தவர் பெயரையும் எழுதுங்கள். வனத்துறை அனுமதி எண்ணும் அதிலேயே இருக்கட்டும். தடா பக்கம் எடுத்ததைப் பழவேற்காடு என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், பின்னால் வருகிறவர் தெற்குக் கரையில் போய்த் தேடிக்கொண்டிருப்பார்.